ஊராட்சிச் செய்தியும் உள்ளூர் வேலை அறிவிப்பும் நமக்கு ஏன் கடைசியில் தெரிகிறது?

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது, ப்ளஸ் டூ முடித்திருக்கிறேன், கிராம சபை நடந்தது, மருத்துவ முகாம் நடந்தது, பால்வாடிக்கு ஆள் எடுத்தது என்று எல்லாமே முடிந்த பிறகுதான் என் காதுக்கு வருகிறது, இவை எல்லாம் ஒரே இடத்தில் தெரிய ஏதாவது இணையதளம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இணையதளம் கேட்பது போலத் தெரிந்தாலும், கடைசி வரியில் "இதெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கு இல்லையோ" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் 27 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வேலைகள் உங்களைப் போன்றவர்களுக்குத்தான். பல வேலைகளில் விதியே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

முதலில், எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் இணையதளம் கிடையாது. ஊராட்சி என்று நாம் சொல்லும் இடத்தில் ஏழெட்டுத் துறைகள் வேலை செய்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி அலுவலகம், தனி அறிவிப்புப் பலகை. பால்வாடிக்கு ஆள் எடுப்பது குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகம். சத்துணவு சமையல் உதவியாளர் விண்ணப்பம் ஒன்றிய அலுவலகத்துக்குப் போகும். தலையாரி என்று நாம் சொல்லும் கிராம உதவியாளரை எடுப்பது தாலுகா ஆபீஸ். ரேஷன் கடை விற்பனையாளரையும் கட்டுநரையும் கூட்டுறவுத் துறையின் மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் எடுக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்தத்துக்கு எடுப்பது மாவட்ட நலவாழ்வுச் சங்கம். ஊர்த் தலைவரிடம் போய் "ஏதாவது வேலை இருக்கா" என்று கேட்டால், "ஒண்ணும் இல்லையே" என்று அவர் மனசாட்சியோடுதான் சொல்லியிருப்பார். இவற்றில் பாதி அவருக்கே தெரியாது. அதனால் வேலை காலியா என்று பொதுவாகக் கேட்காதீர்கள். இந்த வேலைக்கு ஆள் எடுக்கும் அலுவலகம் எது என்று கேட்டுப் பழகுங்கள். அது தெரிந்தால் பாதி வழி வந்த மாதிரி.

அறிவிப்பு உங்களிடம் வந்து சேராததற்கு நீங்கள் காரணம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் சமையல் உதவியாளர் அறிவிப்பை உள் வராந்தாவில், பீரோவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினோம். அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்பது விதி. பலகை அங்கேதான் இருந்தது, ஒட்டினோம், கோப்பில் "ஒட்டப்பட்டது" என்று எழுதினோம். பள்ளிக்கு அரை கிலோமீட்டரில் குடியிருந்த, கணவரை இழந்த ஒரு பெண்ணுக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. அவர் விண்ணப்பிக்கவே இல்லை. நேர்காணல் முடிந்து ஒரு மாதம் கழித்து வேறு வேலையாக வந்தவர் பழுப்பேறிக் கிடந்த அந்தத் தாளைப் படித்துவிட்டு, "சார், இது எப்போ ஒட்டினது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. விதிப்படி யார் மேலும் தப்பு இல்லை. ஆனால் அந்தத் தாள் அவர் தெருவில் ஒட்டப்பட்டிருந்தால் அவர் வாழ்க்கையே மாறியிருக்கும். அதன் பிறகு என் கைக்கு வந்த அறிவிப்புகளை ரேஷன் கடை வாசலிலும் பால் சொசைட்டியிலும் நானே போய் ஒட்டினேன். எல்லோரும் அப்படிச் செய்வார்கள் என்று நம்பி நீங்கள் காத்திருக்க முடியாது.

நீங்கள் தவறவிட்ட பால்வாடி வேலையையே எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரலில் மாநிலம் முழுவதும் 7,783 அங்கன்வாடிப் பணியிடங்களுக்கு மாவட்டவாரியாக அறிவிப்பு வந்தது. அங்கன்வாடிப் பணியாளருக்கு ப்ளஸ் டூ, உதவியாளருக்குப் பத்தாம் வகுப்பு. பணியாளருக்கு 25 முதல் 35 வயது, உதவியாளருக்கு 20 முதல் 40 வயது. கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு வயதில் தளர்வு உண்டு. தொடக்கத்தில் பணியாளருக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், ஒரு வருஷம் கழித்துக் காலமுறை ஊதியம். இதில் கவனிக்க வேண்டியது தூரம்தான். மையம் இருக்கும் அதே கிராமத்துப் பெண்ணுக்கு முதலிடம், அதே ஊராட்சியின் வேறு குக்கிராமத்துக்கு அடுத்த இடம், அதற்கப்புறம்தான் பக்கத்து ஊராட்சி. சத்துணவு சமையல் உதவியாளருக்கும் அப்படித்தான். 8,997 பேரைத் தொடக்கத்தில் மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுக்க அரசு ஆணையிட்டபோது, வீடு பள்ளியிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். அதாவது சென்னையில் எம்.ஏ. படித்தவர் வந்து உங்களோடு போட்டி போட முடியாது. உங்கள் தெருவில் இருப்பதே இங்கே ஒரு தகுதி.

ஆனால் அந்தத் தகுதியைக் காகிதத்தில் காட்ட வேண்டும். கல்யாணமாகி வந்த பெண்கள் நிறையப் பேர் இங்கேதான் தோற்றுப் போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு வருஷமாக இங்கே குடியிருப்பீர்கள். ஆதார் அட்டையில் அம்மா வீட்டு விலாசம் இருக்கும், வாக்காளர் பட்டியலில் பெயர் அந்த ஊரிலேயே இருக்கும், குடும்ப அட்டையைப் பார்த்தால் இன்னும் அப்பாவின் அட்டையில்தான் பெயர் இருக்கும். விண்ணப்பம் பரிசீலனைக்கு வரும்போது "இவர் இந்த ஊர்க்காரர் இல்லை" என்று ஒரு வரியில் ஒதுக்கிவிடலாம், கையில் காகிதம் இல்லாமல் அதை எதிர்த்துக் கேட்பதும் கஷ்டம். அறிவிப்பு வந்த பிறகு இதையெல்லாம் மாற்ற நேரம் போதாது. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம்தான் தருவார்கள். அதனால் இந்த வாரமே இ-சேவை மையத்துக்குப் போங்கள். பிறந்த வீட்டு அட்டையிலிருந்து பெயரை நீக்கி இங்கே சேர்ப்பது, ஆதாரில் விலாசம் மாற்றுவது, வாக்காளர் பட்டியலில் படிவம் 8 கொடுத்து இங்கே மாற்றிக்கொள்வது, இந்த மூன்றையும் முடியுங்கள். சாதிச் சான்று அப்பா பெயரிலேயே இருக்கும், அது சரிதான், மாற்ற வேண்டியதில்லை. மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள், ஐந்து செட் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

"எல்லாம் முன்னாடியே முடிவாகியிருக்கும்" என்று உங்கள் மாமியார் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். சிபாரிசும் பணமும் புழங்குவதே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் நீங்கள் மீதியையும் நம்ப மாட்டீர்கள். உங்கள் ஊரில் அந்த ஒரு நியமனத்தில் என்ன நடந்தது என்பதை இங்கே உட்கார்ந்து என்னால் தீர்ப்பாகச் சொல்ல முடியாது. ஆனால் ஊரில் "முடிவாகிவிட்டது" என்று பேசப்படுவதில் பெரும்பகுதி இனசுழற்சியால் வருவது என்பது என் அனுபவம். ஒவ்வொரு காலியிடமும் எந்தப் பிரிவுக்கு என்று வரிசைப்படி முன்னமே குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் தெரு மையத்தின் இடம் இந்த முறை பட்டியலினத்தவருக்கு என்று வந்திருந்தால் மற்றவர்கள் எவ்வளவு மதிப்பெண் வைத்திருந்தாலும் பயன் இல்லை. இது தெரியாமல் பத்துப் பேர் விண்ணப்பித்து, பத்துப் பேரும் ஏமாற்றப்பட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அறிவிப்பின் இணைப்பில் மையவாரியாக இனசுழற்சி போட்டிருப்பார்கள், அதை முதலில் பாருங்கள். தேர்வில் சந்தேகம் இருந்தால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மதிப்பெண் பட்டியலைக் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். கேட்பதால் உங்கள் அடுத்த விண்ணப்பத்துக்கு இடைஞ்சல் வரும் என்று பயப்படுவீர்கள். என் அனுபவத்தில், கேட்டுத் தெரிந்துகொள்கிறவர் என்று பெயர் வாங்கியவரின் விண்ணப்பத்தை அலுவலகத்தில் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடுதான் கையாண்டார்கள்.

சரி, எங்கே பார்ப்பது? வாரத்தில் ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அரசு இணையதளம் இருக்கிறது. தமிழில் திறந்து அறிவிப்புகள் என்ற தலைப்பின் கீழே ஆட்சேர்ப்பு என்ற பக்கத்துக்குப் போங்கள். நலவாழ்வுச் சங்கம், அங்கன்வாடி, கிராம உதவியாளர், பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் எல்லாம் பெரும்பாலும் அங்கே வரும், விண்ணப்பப் படிவமும் இலவசமாகக் கிடைக்கும். இரண்டாவது, உங்கள் ஊர் நூலகம். நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. அந்தக் காசில்தான் அங்கே நாளிதழ்கள் வருகின்றன. மாவட்டப் பக்கங்களில் ஆட்சியர் அலுவலகச் செய்திக் குறிப்புகள் சின்னதாகப் போட்டிருப்பார்கள். கிராம உதவியாளர் அறிவிப்பு நாளிதழிலும் வரும். 2022-இல் ஒரே சமயத்தில் 2,748 கிராம உதவியாளர்களை எடுத்தபோது, ஒரே தாலுகாவில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஓரிடத்தில் நூற்றுக்கணக்கில் விண்ணப்பமும் இன்னோரிடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலும் வந்ததைப் பார்த்தேன். செய்தி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. ஊராட்சி செயலர் பணியும், அதாவது நாம் கிளர்க் என்று சொல்வது, பத்தாம் வகுப்புத் தகுதிக்கானதுதான். 2025 அக்டோபரில் அதற்கு மாநிலம் முழுக்க 1,483 இடங்கள் இணையவழியில் அறிவிக்கப்பட்டன.

மூன்றாவது, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு. "அதில் பதிந்து யாருக்கு வேலை வந்தது" என்று சொல்வார்கள். அந்தப் பதிவை மட்டும் நம்பி உட்கார முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் பதிந்து வையுங்கள், மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க மறக்காதீர்கள். பதிந்து ஐந்து வருஷம் வேலை கிடைக்காமல், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருந்தால் ப்ளஸ் டூ படித்தவருக்கு மாதம் 400 ரூபாய் உதவித்தொகை மூன்று வருஷம் உண்டு. தொகை சின்னதுதான். ஆனால் பதிவு விட்டுப்போனால் அதுவும் இல்லை. அந்த அலுவலகத்தில் தனியார் நிறுவனங்களை வரவழைத்து வெள்ளிக்கிழமைகளில் வேலைவாய்ப்பு முகாம் நடத்துவார்கள். எந்த வெள்ளி என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும், போன் செய்து கேளுங்கள். தையல், அழகுக்கலை, கணினிக் கணக்கு மாதிரி ஏதாவது கற்றுக்கொண்டு வீட்டிலிருந்தே செய்யும் எண்ணம் இருந்தால், வங்கிகள் மாவட்டத்துக்கு ஒன்றாக நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பயிற்சியும் சாப்பாடும் தங்குமிடமும் இலவசம்.

நான்காவதாகச் சொன்னாலும் நான் அதிகம் நம்புவது மகளிர் சுய உதவிக்குழுவைத்தான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்க்கும் பெண் தன்னார்வலர்களைக் குழுக்களிலிருந்துதான் எடுத்தார்கள். நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர், ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் கணக்காளர், ஊரைச் சுத்தம் செய்யும் தூய்மைக் காவலர் இவையெல்லாம் நாளிதழில் வருவதில்லை. குழுக் கூட்டத்தில் பேச்சாக வரும், அங்கேயே முடிவாகும். வட்டார அளவில் மகளிர் திட்டம் நடத்தும் இளைஞர் திறன் திருவிழா தகவலும் அந்த வழியாகத்தான் முதலில் வரும். புது மருமகள் என்று தயங்காமல் ஒரு குழுவில் சேருங்கள். பழைய குழுக்களில் இடம் இல்லை என்றால், விடுபட்டவர்களைச் சேர்த்துப் புதுக் குழு தொடங்க ஒன்றிய அலுவலகத்தில் மகளிர் திட்டப் பணியாளர்கள் உதவுவார்கள்.

இப்போது கிராம சபை. அது எப்போது என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை, காலண்டரில் குறித்துவிடலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்பு நான்கு நாள்தான். உலகத் தண்ணீர் நாளும் உள்ளாட்சிகள் நாளும் பின்னால் சேர்ந்தன. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர், யாரும் அழைக்க வேண்டியதில்லை. எந்த இடம், எத்தனை மணி என்பதை ஏழு நாளுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். முன்பெல்லாம் தமுக்கு அடித்துச் சொல்வார்கள். ஒரு சமூகத்து மனிதர்களை மட்டும் அந்த வேலைக்கு ஏவும் வழக்கம் கூடாது என்று 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் ஆணையிட்டு, ஒலிபெருக்கி வைத்த வண்டியில் சொன்னால் போதும் என்றார்கள். மிகச் சரியான முடிவு. ஆனால் பல ஊர்களில் தமுக்கு நின்றது, வண்டி வரவில்லை, வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டதோடு சரி. அந்தக் குழுவில் பெண்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். உங்களுக்குச் செய்தி வராததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம். ஊருக்கு ஊர் இது வேறுபடும்.

மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் இருந்தால்தான் கிராம சபை செல்லும். அதனால் நீங்கள் ஒருவர் போவதும் கணக்கில் வரும். வரவு செலவு வாசிப்பார்கள், பயனாளிகள் பட்டியல் வைப்பார்கள், நூறு நாள் வேலையில் அடுத்து எந்த வேலை என்று பேசுவார்கள். அந்த வேலைக்கு 2025-26-இல் தமிழ்நாட்டின் தினக்கூலி 336 ரூபாயாக இருந்தது. 2025 டிசம்பரில் நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக 125 நாள் வேலை என்று நாடாளுமன்றத்தில் புதுச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. ஆகவே அட்டை, ஊதியம், வேலை நாள் பற்றி யாராவது பழைய விவரம் சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ளாமல் சபையில் கேளுங்கள். உங்கள் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்திருந்தால், தலைவர் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை நடக்க வேண்டும், நடந்தும் இருக்கிறது. "தலைவரே இல்லை, என்ன சபை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மற்ற நிகழ்ச்சிகளில் சிலவற்றுக்கும் நிலையான நாள் உண்டு. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் மக்கள் குறைதீர் கூட்டம். மே, ஜூன் வாக்கில் தாலுகா ஆபீஸில் ஜமாபந்தி, பட்டா விஷயங்களுக்கு அதுதான் நல்ல நேரம். மருத்துவ முகாம், கால்நடை முகாம் தேதிகளைக் கிராம சுகாதார செவிலியரிடமும் கால்நடை மருந்தகத்திலும் கேட்டால் ஒரு வாரம் முன்னாடியே சொல்வார்கள். பள்ளியில் பிள்ளை சேர்ந்த பிறகு பள்ளி மேலாண்மைக் குழுவையும் விடாதீர்கள்.

போனில் சுற்றும் வேலை அறிவிப்புகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உண்மையான அறிவிப்பில் ந.க. எண் (அலுவலகக் கோப்பு எண்), தேதி, கையெழுத்திடும் அலுவலரின் பதவி, கடைசித் தேதி நான்கும் இருக்கும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மாவட்ட இணையதளத்தில் தேடிப் பார்க்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். அங்கன்வாடிக்கோ சத்துணவுக்கோ பணம் கட்டச் சொல்லி எந்த அலுவலகமும் கேட்காது. "மேலிடத்தில் சொல்லி வாங்கித் தருகிறேன்" என்பவரிடம் தாலியை அடகு வைத்துக் கொடுத்தவர்களை நான் அறிவேன். அவர்களில் சிலருக்குத் தகுதி அடிப்படையிலேயே வேலை கிடைத்திருக்கும், பணம் வாங்கியவர் அதைத் தன்னால் நடந்தது என்று சொல்லிக்கொண்டார். யாருக்குக் கிடைக்காமல் போனதோ, அவர்களுக்குப் பணமும் திரும்பி வரவில்லை.

பேரூராட்சி, நகராட்சியில் இருப்பவர்களும் இந்தக் கேள்வியைப் பின்தொடர்வதாகத் தெரிகிறது. அந்தப் பக்கம் நான் வேலை பார்த்ததில்லை. கிராம சபைக்கு இணையாக அங்கே பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பரில் தொடங்கின என்பதற்கு மேல் நடைமுறையை நகராட்சியில் இருந்த ஒருவர் சொன்னால் நன்றாக இருக்கும்.

அடுத்த கிராம சபைக்கு நீங்கள் போகும்போது ஒரு மனு எழுதிக்கொண்டு போங்கள். நம் ஊராட்சிக்கு உட்பட்ட எல்லா வேலை, முகாம், கூட்ட அறிவிப்புகளையும் வந்த அன்றே ரேஷன் கடை, நூலகம், பால்வாடி, ஒவ்வொரு குக்கிராமத்துப் பேருந்து நிறுத்தம் ஆகிய இடங்களில் ஒட்ட வேண்டும், மகளிர் குழுக்களுக்கும் அனுப்ப வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றக் கேளுங்கள். செலவில்லாத தீர்மானம், யாரும் மறுக்க மாட்டார்கள். தீர்மானப் புத்தகத்தில் எண் போட்டு எழுதியதைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். எழுந்து பேசத் தயக்கமாக இருந்தால் தெருவில் நாலு பெண்களோடு சேர்ந்து போய்க் கொடுங்கள். மனுவை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சபையில் எடுக்கவில்லை என்றால் அந்தப் பிரதியோடு ஒன்றிய அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது ஊராட்சி பற்றிய புகார்களைக் கேட்கும் ஊராட்சி மணி எண் 155340-க்குப் போன் செய்து சொல்லுங்கள்.